கினி பிக்குக்கு இரண்டு பக்கமும் முடி உதிர்கிறதா? சினைப்பையையும் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் புஜ்ஜி, மினி என்று இரண்டு கினி பிக். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். புஜ்ஜிக்கு 3 வயது ஆகிறது. கொஞ்ச நாளாக அவளுக்கு இரண்டு பக்கமும், விலாவுக்கும் தொடைக்கும் நடுவே, முடி மெலிந்து தோல் தெரிகிறது. சொறிந்துகொள்வதில்லை. வயிறு மட்டும் உருண்டுகொண்டே போகிறது. மினி மேல் ஓயாமல் ஏறுகிறாள், 'டுர்ர்' என்று உறுமுகிறாள். கடைக்காரர் பூச்சி என்று சொல்லி மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தில் கொஞ்சம் கொடுத்தார். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போட்டும் பலன் இல்லை. எடை 920 கிராம். போன வருடமும் அதே எடைதான் என்பதால் நாங்கள் பயப்படவில்லை. சினையாக இருக்குமோ என்று மாமியார் கேட்கிறார். ஒரு தடவை குட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
வாசகி, அல்சூர்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் புஜ்ஜிக்குச் சினைப்பையில் (கருமுட்டை உண்டாகும் ஓவரியில்) நீர்க்கட்டி இருக்கவே வாய்ப்பு அதிகம். கடிதத்தைப் படித்து முடிவு சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றாவது முறை பூச்சி மருந்து போடாதீர்கள். இந்த வாரத்துக்குள் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

உங்களுக்கு ஆறுதல் தந்த அந்த 920 கிராம்தான் எனக்குக் கவலை தருகிறது. வயிறு உருண்டுகொண்டே போகும்போது எடை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் உடம்பில் வேறு எங்கோ குறைந்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையான கட்டிக்குள் சுமார் 65 மில்லி நீர் பிடிக்கும், அதாவது 65 கிராம். 4 செ.மீ. அளவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டி இருந்தாலும் ஏறக்குறைய அதே எடைதான். 7 செ.மீ. ஆகிவிட்டால் 180 மில்லியை எட்டும். அவ்வளவு நீர் உள்ளே சேர்ந்தும் தராசு முள் நகரவில்லை என்றால், அதே அளவு சதையும் கொழுப்பும் கரைந்துபோயிருக்கின்றன. நீர்க்கட்டி உள்ள பெண் கினி பிக்குகள் மருத்துவரிடம் தாமதமாக வந்து சேர இது ஒரு முக்கியக் காரணம். ஒழுங்காக எடை பார்க்கும் வீடுகளில்கூட இப்படி நடக்கிறது.

தராசோடு கையும் சேர வேண்டும். புஜ்ஜியை மடியில் துண்டு விரித்து உட்கார வைத்து, முதுகுத்தண்டின் மேல் விரல் நுனியால் மெதுவாக வருடுங்கள். நல்ல சதைப்பிடிப்புள்ள கினி பிக்கில் லேசாக அழுத்தினால்தான் எலும்பு முடிச்சுகள் தெரியும். தொட்டவுடனே ஒவ்வொரு முடிச்சும் கையில் தட்டுப்பட்டால், இடுப்பெலும்பின் இரு முனையும் கூர்மையாக நின்றால், அவள் இளைத்திருக்கிறாள். அடுத்துத் தரையில் விட்டு மேலிருந்து பாருங்கள். கொழுப்பினால் பருத்தவள் தோள், கழுத்து, தாடைக்கீழ் எல்லாம் சேர்ந்தே பருத்திருப்பாள். நீர்க்கட்டி உள்ளவள் முன்புறம் ஒடுங்கி இடுப்புப் பக்கம் மட்டும் அகன்று பேரிக்காய் வடிவில் இருப்பாள். சில சமயம் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகப் பிதுங்கும். கட்டி பெரும்பாலும் இரண்டு சினைப்பையிலும் வரும். ஒன்றில் மட்டும் வந்தால் வலப்பக்கம் வருவதே அதிகம்.

நீர்க்கட்டி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அது தெரிந்தால்தான் அறிகுறிகள் ஏன் விலங்குக்கு விலங்கு மாறுகின்றன என்பது புரியும். அதிகம் காண்பது சீரஸ் கட்டி. சினைப்பையின் அடியில் உள்ள நுண்ணிய குழாய்களில் தெளிந்த நீர் தேங்கித் தேங்கிப் பெருப்பது அது. பெரும்பாலும் ஹார்மோன் எதையும் சுரக்காது. ஆகவே முடி உதிராது, நடத்தையும் மாறாது. சத்தமில்லாமல் வளர்ந்து வயிற்றை அடைத்த பிறகுதான் வெளியே தெரியும். அடுத்தது ஃபாலிகுலர் கட்டி. கருமுட்டையைச் சுமக்கும் நுண்பை சரியான நேரத்தில் உடையாமல் நின்று நீர் கோத்துக்கொள்வது. இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். முடி உதிர்வு, முலைக்காம்புத் தடிப்பு, ஓயாத ஏறல் எல்லாம் இதன் வேலை. ஒரே விலங்குக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கலாம். புஜ்ஜியின் அறிகுறிகள் ஃபாலிகுலர் கட்டியைக் காட்டுகின்றன, வயிற்றின் அளவோ சீரஸ் கட்டியும் கூட இருக்குமோ என்று நினைக்க வைக்கிறது. ஒன்றரை வயது தாண்டிய, சினைப்பை எடுக்கப்படாத பெண் கினி பிக்குகளில் பாதிக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கட்டி இருக்கும். பலவற்றுக்கு வாழ்நாள் முழுக்க அதனால் தொல்லை வருவதில்லை. எனவே கட்டி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அது அவளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

முடி உதிர்ந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹார்மோனால் உதிரும்போது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே அளவில் உதிரும். தோல் சுத்தமாக, வழுவழுப்பாக இருக்கும். பொருக்கு, கீறல், சிவப்பு எதுவும் இருக்காது. விளிம்பில் உள்ள முடியைத் தடவினால் வலியில்லாமல் கையோடு வந்துவிடும். சொறிப்பூச்சி வந்தால் இதற்கு நேர்மாறு. தாங்க முடியாத அரிப்பு இருக்கும். தொட்டாலே துடிக்கும், கத்தும், சிலவற்றுக்கு வலிப்புகூட வரும். தோளிலும் முதுகிலும் மஞ்சள் பொருக்கு கட்டும். படர்தாமரை என்றால் பெரும்பாலும் மூக்கு, கண்ணைச் சுற்றி, காது ஆகிய இடங்களில் செதில் செதிலாகத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவள் கடித்துத் தின்றிருந்தால் முடி வேரோடு போயிருக்காது, கத்தரித்ததுபோல் குட்டையாக நிற்கும். 'சொறிவதில்லை' என்ற உங்கள் ஒரு சொல்லே பூச்சியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது.

அந்த மாட்டு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐவர்மெக்டின் கினி பிக்குக்குப் பயன்படுத்தும் மருந்துதான், தவறில்லை. ஆனால் மாட்டுக்கான 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டாலும் 920 கிராம் உடம்புக்கு 0.04 மில்லிக்குள்தான் வரும். சாதாரண சிரிஞ்சிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டு அதைவிடப் பெரியது. கண்ணளவில் போட்டால் எளிதாகப் பல மடங்கு ஆகிவிடும். நடை தள்ளாட்டம், எச்சில் வடிதல், மந்தம் எதுவும் இல்லாமல் அவள் தப்பித்திருக்கிறாள் என்றால் நல்லது, இனி வேண்டாம். வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவுவதும் வேண்டாம். நக்கி உள்ளே போகும், ஸ்கேன் செய்பவருக்கும் தொல்லை.

அடுத்து முலைக்காம்பு. பெண் கினி பிக்குக்குக் காம்பு இரண்டே இரண்டுதான், தொடை இடுக்குக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில் இருக்கும். அவளை நிமிர்த்தி, முதுகு உங்கள் மார்பில் சாய்ந்திருக்கும்படி பிடித்து, அடிப்புறம் பாருங்கள். குட்டி போடாத பெண்ணுக்குக் காம்பு சிறிதாக, மென்மையாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் அவை நீண்டு தடித்து, மேலே பழுப்பு நிறத்தில் காய்ந்த பொருக்குப் படியும். பொருக்கை உரிக்காதீர்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடி உதிர்வும் காம்புப் பொருக்கும் சேர்ந்து இருந்தால், ஸ்கேனுக்கு முன்பே மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

ஏறுவதும் உறுமுவதும் தன்னளவில் நோயல்ல. பெண் கினி பிக்குக்குச் சுமார் 16 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். அந்த ஒரு நாள் கூட்டாளி மேல் ஏறுவாள், இடுப்பை ஆட்டி உறுமுவாள், மறுநாள் அடங்கிவிடுவாள். சமையலறைக் காலண்டரில் புஜ்ஜி ஏறும் நாளையெல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். 15, 17 நாள் இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றை வட்டமாக விழுந்தால் இயல்பு. வாரக்கணக்கில் தொடர்ந்து விழுந்தால் ஹார்மோன் அடங்கவில்லை என்று பொருள். எப்போதும் சாதுவாக இருந்தவள் திடீரென்று கடிக்க வருவது, தூக்கினால் முனகுவது, ஒரு மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு கூனி உட்கார்வது ஆகியவை வலியின் அடையாளங்கள். அவற்றைக் கோபம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

மாமியாரின் கேள்வி மிகச் சரியான கேள்வி. மினி பெண்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கடையில் ஆண் பெண் மாற்றிச் சொல்வது சாதாரணமாக நடக்கிறது. அடிப்புறத் திறப்புக்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கமாக விரலால் மிக லேசாக அழுத்தினால் ஆணுக்கு உறுப்பு வெளியே எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கு ஒய் எழுத்து வடிவில் மடிப்பு மட்டும் தெரியும். மினி பெண் என்றால் புஜ்ஜி சினையாக இருக்க வழியில்லை. கினி பிக்கின் சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆணைவிட்டுப் பிரிந்து அதற்கு மேல் நாளாகியிருந்தாலும் சினை என்ற பேச்சுக்கு இடமில்லை. மினி ஆண் என்று தெரியவந்தால் உடனே இருவரையும் பிரியுங்கள், ஸ்கேனை இன்னும் விரைவாக எடுங்கள்.

குட்டி போட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். சினையானால் கட்டி கரையாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கினி பிக் குட்டிகள் முழு முடியோடு, கண் திறந்து, பெரிதாகப் பிறப்பவை. அவை வெளிவர, இடுப்பெலும்பின் முன்புற இணைப்பு பிரசவ நேரத்தில் விரிந்து கொடுக்க வேண்டும். முதல் பிரசவம் 7, 8 மாத வயதுக்குள் நடக்காவிட்டால் அந்த இணைப்பு இறுகிவிடும். 3 வயதில் முதல் பிரசவம் என்றால் குட்டி சிக்கிக்கொண்டு தாயும் குட்டியும் போவதற்கான வாய்ப்பே அதிகம்.

வயிறு பெருக்க வேறு காரணங்களும் உண்டு. வாயு அடைத்தால் சில மணி நேரத்திலேயே வயிறு விறைத்து உப்பும், விலங்கு தின்பதை நிறுத்திவிடும். வாரக்கணக்கில் மெல்லப் பெருப்பது வாயு அல்ல. கருப்பைக் கட்டி, கல்லீரல் அல்லது இதயக் கோளாறால் வயிற்றில் நீர் கோத்தல் ஆகியவற்றை ஸ்கேன் பிரித்துக் காட்டும். சிறுநீரில் ரத்தம் கண்டால் கூடுதல் கவனம் தேவை. கினி பிக்குக்கு மாதவிடாய் கிடையாது. ஆகவே ரத்தம் என்றால் ஒன்று சிறுநீர்ப்பையில் கல் அல்லது தொற்று, இல்லாவிட்டால் கருப்பையில் கோளாறு. நீர்க்கட்டியோடு கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் தசைக்கட்டி வருவதும் கூடவே நடக்கக்கூடியவை. ஒரு நாள் கூண்டில் வெள்ளைத் துணி விரித்துப் பாருங்கள். சிறுநீர் முழுவதும் கலங்கிச் சிவந்திருக்கிறதா, தனியாகத் துளித்துளியாக ரத்தமா என்று குறித்துக்கொண்டு, துணியையே எடுத்துப் போய்க் காட்டலாம்.

வயிற்றை அழுத்திக் கட்டியைத் தேடும் வேலையை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. சினைப்பை சிறுநீரகத்துக்குச் சற்றுப் பின்னால், முதுகை ஒட்டி இருக்கிறது. இயல்பான நிலையில் அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கையில் தட்டுப்படாது. கட்டி வளர்ந்துவிட்டால் கடைசி விலாவுக்குப் பின்னால் வழுக்கும் உருண்டையாகத் தெரியும். ஆனால் அதன் சுவர் மிக மெல்லியது. அழுத்தினால் உள்ளே உடையலாம். தூக்கும்போதும் ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில் இருக்கட்டும், வயிற்றைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஸ்கேன் முடியும்வரை அவர்கள் தரையில் உட்கார்ந்து கொஞ்சினால் போதும்.

ஸ்கேன் நாள் வரும்வரை தினமும் காலையில், கீரை வைப்பதற்கு முன், கிச்சன் தராசில் எடை பாருங்கள். ஒரு கிண்ணத்தை வைத்து தராசைப் பூஜ்யமாக்கி அதில் உட்கார வைத்தால் போதும். 20, 30 கிராம் ஏற்ற இறக்கம் சாதாரணம். ஒரு வாரத்தில் 50 கிராம் இறங்கினால் மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். 100 கிராம் இறங்கினால் அன்றே போக வேண்டும். புழுக்கையும் நல்ல அளவுகோல். ஒரே அளவில், நீள்வட்டமாக, நிறைய இருக்க வேண்டும். சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கை குறைந்தால் தீனி குறைந்துவிட்டது, பெருத்த கட்டி குடலை நெருக்குகிறது என்று கொள்ளலாம்.

பெங்களூரில் நாய் பூனை பார்க்கும் கிளினிக் தெருவுக்குத் தெரு உண்டு. முயல், கினி பிக், கிளி பார்ப்பவர்கள் குறைவு. போனில் கேட்கும்போதே 'கினி பிக், பெண், 3 வயது, ஓவேரியன் சிஸ்ட் சந்தேகம், அல்ட்ராசவுண்டு வேண்டும், எக்ஸாட்டிக்ஸ் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா' என்று சொல்லுங்கள். அப்படி ஒருவர் அருகில் கிடைக்காவிட்டால் ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரிக்கலாம். அல்சூரிலிருந்து போவதானால் போக்குவரத்து நெரிசல் தொடங்குவதற்கு முன் காலையிலேயே கிளம்புங்கள். பெட்டியில் துண்டு, கை நிறைய உலர்புல், ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். வெறும் வயிற்றில் அழைத்துப் போக வேண்டாம். ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை.

ஸ்கேனில் நீர்க்கட்டி மெல்லிய சுவரோடு, உள்ளே கறுப்பாகத் தெரியும். உள்ளே திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தால், சுவர் தடித்திருந்தால் புற்றுக்கட்டியா என்ற ஐயம் எழும். கூடவே ஒரு எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீர்ப்பைக் கல் இருக்கிறதா என்பதும் நுரையீரலின் நிலையும் ஒரே நாளில் தெரிந்துவிடும். கட்டியின் அளவை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

சிகிச்சைக்கு மூன்று வழி சொல்வார்கள். ஊசி வழியாக நீரை உறிஞ்சி எடுப்பது ஒன்று. மூச்சுத் திணறும் அளவுக்கு வயிறு அடைத்திருந்தால் அவளுக்கு உடனடி ஆறுதல் கிடைக்கும். ஆனால் கட்டியின் சுவர் அங்கேயே இருப்பதால் மறுபடி நிரம்பும். அறுவைக்குத் தாங்காத வயதான விலங்குக்கும், அறுவைக்கு முன் தயார் செய்யவும் பயன்படும் வழி இது.

ஹார்மோன் ஊசி இரண்டாவது. மனிதருக்குக் குழந்தையின்மை சிகிச்சையில் போடும் எச்சிஜி ஊசியையே 1000 யூனிட் அளவில் தசையில் போட்டு, 7 முதல் 10 நாளில் மறுபடி போடுவார்கள். ஃபாலிகுலர் கட்டி இதற்குச் சுருங்கும், முடி முளைக்கும், ஏறுவது அடங்கும். சீரஸ் கட்டிக்கு இது எட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் ஒவ்வாமையும் வரலாம். தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் இம்பிளான்ட்டும் சீரஸ் கட்டியைச் சுருக்குவதில்லை. புஜ்ஜிக்கு வயிறே பெருத்திருப்பதால், ஊசி போட்டு முடி முளைத்ததைக் கண்டு 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. முடி வளர்ந்த பிறகும் உள்ளே சீரஸ் கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

நிரந்தரத் தீர்வு சினைப்பைகளை அறுவையால் எடுத்துவிடுவது, தேவைப்பட்டால் கருப்பையோடு சேர்த்து. 3 வயது, இன்னும் தின்கிறாள், அறிகுறிகள் தெளிவாக இருக்கின்றன. ஸ்கேனிலும் கட்டி உறுதியானால் என் யோசனை அறுவைதான், அவள் மேலும் இளைப்பதற்கு முன்பே. கினி பிக் 5 முதல் 7 வருடம் வாழும். அவளுக்கு நல்ல வாழ்நாள் பாக்கி இருக்கிறது. கட்டி சிறியதாக இருந்து அறிகுறி எதுவும் இல்லாதிருந்தால், 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனிக்கச் சொல்லியிருப்பேன்.

அறுவையில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான சிக்கல் கத்தியால் வருவதில்லை, மயக்கத்தாலும் அதற்குப் பிந்தைய பட்டினியாலும் வருகிறது. அதனால் மருத்துவரிடம் சிலவற்றை நேராகக் கேளுங்கள். கினி பிக்குக்கு இந்த அறுவை முன்பு செய்திருக்கிறாரா? ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கமா? மயக்கத்தின்போது உடம்புச் சூட்டைக் காக்க ஏற்பாடு உண்டா? பக்கவாட்டில் விலாவுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து எடுப்பாரா, அடிவயிற்றைத் திறப்பாரா? பக்கவாட்டு வழியில் குடலைத் தொடுவது குறைவு, விலங்கு சீக்கிரம் தின்னத் தொடங்கும். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ கருப்பையும் கெட்டிருந்தாலோ அடிவயிற்று வழியே பொருத்தம். 'முந்தின இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்' என்று சொன்னால், அது நாய்க்கான விதி என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடலும் நிற்கக் கூடாது. வாயில் தீனி தங்காமலிருக்க மயக்கத்துக்குச் சற்று முன்பு நிறுத்தினால் போதும்.

இன்னொன்றை மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இவற்றில் எதுவும் வாய் வழியாக எழுதப்பட்டிருந்தால் கொடுக்காமல் உடனே கேளுங்கள். கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அவை அழிக்கும், கெட்டவை பெருகி நஞ்சு கக்கும், சில நாளில் உயிர் போய்விடும். ஆன்டிபயாட்டிக் வேண்டுமென்றால் என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவை இருக்கின்றன. வலி மருந்தாகப் பெரும்பாலும் மெலாக்ஸிகாம் தருவார்கள். அதை நாள் கணக்கு முடியும்வரை கொடுங்கள். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள்தான் உங்கள் வேலை அதிகம். மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும். சுத்தமான துண்டு விரியுங்கள். டிசம்பர், ஜனவரி குளிரில் அறுவை என்றால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அவள் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் புல்லைக் கொறிக்கத் தொடங்கவில்லை என்றால் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். பெல்லட்டை (கினி பிக் தீனி உருண்டையை) பொடித்து வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துக் கூழாக்குங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 80 மில்லி என்றால், அவளுக்குச் சுமார் 45 முதல் 75 மில்லி, ஐந்தாறு வேளையாகப் பிரித்து. துண்டில் சுற்றி உட்கார்ந்த நிலையில் வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் கன்னப் பக்கமாக ஒரு மில்லி சிரிஞ்ச் நுனியை நுழைத்து, அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தயிர்சாதம், பால், குழந்தைகளுக்கான பால்மாவு, வாழைப்பழக் கூழ் எதுவும் வேண்டாம்.

வைட்டமின் சி-யை கினி பிக்கின் உடம்பு தானே செய்துகொள்ள முடியாது. சாதாரண நாளில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். புண் ஆறும் காலத்தில் 50-க்குக் குறையாமல் மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா, மெல்லிய நெல்லிக்காய்ச் சீவல் எல்லாம் நல்லவை. மீதியைச் சொட்டு மருந்தாக வாயில் விடலாம். தண்ணீர் பாட்டிலில் கலந்தால் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

தையலை நாளுக்கு இரண்டு முறை பாருங்கள். லேசான தடிப்பு இருக்கும். சீழ், துர்நாற்றம், பிளவு, அவள் பல்லால் நூலை இழுப்பது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். மினியைக் கம்பி வலைக்கு அப்பால், பார்க்கவும் மோந்துகொள்ளவும் முடிகிற தூரத்தில் ஒரு வாரம் வையுங்கள். முழுதாகப் பிரித்து வேறு அறையில் வைத்தால் புஜ்ஜி தின்பதும் குறையும். உதிர்ந்த முடி சில வாரங்களில் பூனைமுடியாக முளைத்து, இரண்டு மூன்று மாதத்தில் அடரும். எடுத்த சினைப்பையைத் திசு சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்று நினைத்ததில் புற்றுக்கட்டி ஒளிந்திருந்தால் அதில்தான் தெரியும்.

இப்போதிலிருந்து அறுவை வரைக்கும் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால், புழுக்கையே போடாமல் இருந்தால், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கூனி உட்கார்ந்தால், பக்கங்கள் அடித்துக்கொள்ள மூச்சு வாங்கினால், காதும் பாதமும் சில்லிட்டால், இரவானாலும் அவசரம்தான். 24 மணி நேரம் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றின் எண்ணை இன்றே வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது மினியையும் அதே பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். வழியில் புஜ்ஜிக்குத் துணையாக இருக்கும், மினி பெண்தானா என்பதையும் மருத்துவரே உறுதி செய்துவிடுவார், பெண் என்றால் அவளுடைய சினைப்பையையும் அன்றே ஸ்கேனில் பார்த்துவிடலாம்.